பதினோராம் நிமிடத்தில் வந்த 286

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோட்டின்மேல் நிற்காது. பாதிப் பக்கம் தாண்டினால் சரிந்து கீழே இறங்கிவிடும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன்.

போர்ட் பிளேரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நான் மஸ்தூர். பத்தொன்பது வருடமாகத் தினக்கூலி. அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து ஒரு கான்ட்ராக்டரோடு கப்பலேறி வந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். கண்ணாடிச் சாமான் கழுவுவது, மில்லில் சாம்பிள் அரைப்பது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது என் வேலை. இதில் பேச வேண்டிய வேலை எதுவும் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. யாராவது முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த வருடம் மார்ச் மாதம் நடந்ததை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதிவைக்கச் சொன்னார் கவிதா மேடம். மிஷின்கள் அவர் பொறுப்பு. மதுரைக்காரர். ஏப்ரலிலேயே சொன்னார். இப்போதுதான் உட்கார்ந்தேன்.

மூன்று மிஷின்கள்

மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்கிறேன்.

முதல் மிஷின் குரோமட்டோகிராஃபி. பாராடாங் படகுத்துறையில் பஸ்ஸை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள். கைவீசி நடக்கிறவன் முதலில் படகுக்குப் போய்விடுவான். டீக்கடையைக் கண்டால் நிற்கிறவன் கடைசியில் வருவான். சாம்பிளைக் கரைத்து ஒரு மெல்லிய எஃகுக் குழாய்க்குள் விட்டால் உள்ளே இருக்கும் சரக்குகளும் அப்படித்தான். தண்ணீரோடு ஒத்துப்போகிற சரக்கு சீக்கிரம் வெளியே வரும். எண்ணெய்க் குணமுள்ளது குழாயில் ஒட்டி ஒட்டித் தாமதமாக வரும். எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதை எழுதிக்கொள்வோம்.

இரண்டாவது மாஸ். குழாயிலிருந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக எடை போடும். எடையைத் துல்லியமாகச் சொல்லும். ஆனால் ஒரே எடையில் இரண்டு பேர் இருந்தால் யார் எவர் என்று சொல்லாது. எங்களிடம் இருக்கிற மிஷின் எடை மட்டும் பார்க்கிற வகை.

மூன்றாவது என்.எம்.ஆர். ஒரு சரக்குக்குள் எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். அது எங்களிடம் இல்லை. சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால்தான் அது பெயர். இதை மேடம் பல தடவை சொல்லியிருக்கிறார். நானும் பல தடவை தலையாட்டியிருக்கிறேன்.

கவரில் இருந்த பெயர்

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அரக்குச் சீல் வைத்த கவர் ஒன்று வந்தது. குழந்தைகள் சம்பந்தமான புகாரை விசாரிக்கிற ஒரு அலுவலகம் அனுப்பியிருந்தது. வீட்டில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண் ஏதோ மருந்து கொடுக்கிறார், என் குழந்தை சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை என்று ஒரு தாய் புகார் கொடுத்திருந்தார்.

உள்ளே ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு, சுக்கு இருந்தன. தமிழ் வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் இந்த உரைமருந்து இருக்கும். கல்லில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். எங்கள் ஹெட் ஹல்தார் சார் வங்காளி. கடுக்காயை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"யே சப் பச்சோன் கோ கிலாத்தே ஹோ தும் லோக்?" என்று மேடத்திடம் கேட்டார். இதையெல்லாமா குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

"நான் தின்னு வளந்ததுதான் சார். அதான் இப்படி இருக்கேன்" என்றார் மேடம்.

கவரோடு அந்தப் பெண்ணின் வாக்குமூலமும் இருந்தது. இந்த ஐந்தைத் தவிர வேறு எதுவும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பெயரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. செல்வமேரி. எங்கள் வீட்டுக்குப் பின்தெரு மேரியக்கா. தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். காலேஜ் போகிற என் மகள் மூன்று வயது வரைக்கும் அவர் மடியில் வளர்ந்தவள். இப்போதும் பதினோரு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் சாம்பிளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியை மறுபடி சீல் வைத்து லாக்கரில் வைத்தார். மறுபாதியை என்னிடம் கொடுத்தார்.

"பொடி பண்ணிடுங்கண்ணே. மில்லை மெத்தனால் ஊத்திக் கழுவிட்டுப் போடுங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

நான் மெத்தனால் ஊற்றவில்லை. மெத்தனால் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்த மாதம் கப்பல் தள்ளிப்போய் இரண்டே பாட்டில்தான் மிச்சம் இருந்தது. இருக்கிற பாட்டிலை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவன் என்று எனக்கு லேபில் நல்ல பெயர். அதுவும் இல்லாமல் சனிக்கிழமையே மில்லைத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தேன். சனிக்கிழமை அதில் என்ன அரைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அரைக்கும்போது எனக்கே அது நினைவில் இல்லை.

விழுந்த பெயர்

புதன்கிழமை மிஷினில் சாம்பிள் ஓடியது. நான் கேஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மவுஸில் இருந்த மேடத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

தடை செய்த போதைச் சரக்குகளின் எடைகள் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாக இருக்கும். சாம்பிளில் 286 என்று ஒரு எடை வந்திருந்தது. பட்டியலில் அந்த எடைக்கு நேராக ஒரு பெயர் சிவப்பில் நின்றது. மார்ஃபின்.

"அபின்லேர்ந்து வர்றதுண்ணே" என்றார் மேடம்.

ஹல்தார் சார் வந்து பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருக்கும் கைக்குழந்தையாக ஒரு பேத்தி உண்டு. "பச்சோன் கோ அஃபீம்", குழந்தைகளுக்கு அபின், என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு ஃபோனை எடுத்தார். அதற்கப்புறம் இருவரும் ஹிந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், கொஞ்சம் பொறுங்க. எடை ஒண்ணுதான் ஒத்துப்போகுது. மார்ஃபின்னா ரெண்டு மூணு நிமிஷத்துலயே வெளிய ஓடிடும். இது பதினொண்ணாவது நிமிஷம்தான் வருது."

"குழாய் பழசாயிருக்கும். பச்சக் குழந்தைங்க விஷயம். நீ நிமிஷம் எண்ணிட்டு இருக்கே."

"அசல் மார்ஃபின் ஸ்டாண்டர்டு ஒண்ணு பக்கத்துல ஓட்டிப் பாக்காம எப்படி சார் சொல்றது?"

"எங்க இருக்கு ஸ்டாண்டர்டு? லைசன்ஸ் வாங்கி, கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள அந்தக் குழந்தைங்க என்ன ஆகும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கவர் அனுப்பிய அலுவலகத்துக்கு ஃபோனில் சந்தேகம் என்றுதான் சொன்னார். என் காதால் கேட்டேன். ஆனால் சாயங்காலம் நான் தெருவுக்குள் நுழையும்போது சந்தேகம் என்ற சொல் எங்கேயும் இல்லை. அபின் மட்டும்தான் இருந்தது. விசாரணைக்காரர்கள் மேரியக்காவைக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் உட்காரவைத்து, திருப்பி அனுப்பியிருந்தார்கள். பதினோரு குழந்தைகளையும் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் என் மனைவி பஞ்சவர்ணம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மேரியக்காவா? உங்க மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"மிஷின் பொய் சொல்லாதுடி."

"அப்ப நம்ம புள்ளைக்கும் அபின் குடுத்துத்தான் வளத்தாங்களா? அவ தூங்குனாளா? ராப்பகலா என் உசுர எடுத்தா."

ஆனாலும் நான் மிஷினைத்தான் நம்பினேன். மேரியக்காவைத் தெரியும், இருந்தும் நம்பினேன். அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

கேட்டில்

மறுநாள் காலையில் லேப் கேட்டுக்கு வெளியே மேரியக்கா நின்றார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தம்பி, நீ இங்கதான வேலை பாக்க. என்னத்தையோ கண்டாவளாமே உள்ள? நான் என்ன குடுத்தேன்? உன் மவளுக்குக் குடுத்ததத்தான குடுத்தேன்."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுடா. அந்த மருந்து டப்பி உன் வீட்லயும் கிடந்துதுல்ல. உள்ள இருக்கவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நான் போய் நின்னா யார் கேப்பா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் கழுவுற ஆளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை.

அன்றைக்கு மேடம் சாரிடம் சண்டை போட்டுச் சென்னைக்கு அனுப்ப அனுமதி வாங்கினார். சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, பதினோராவது நிமிடத்தில் வெளியே வருவதை மட்டும் சின்னக் குப்பியில் பிடித்தோம். அதைச் சுண்டவைத்து உலர்த்தியது நான். அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு படிவு. மூன்று மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். மேடத்துக்குத் தெரிந்த ஒருவர் ஃப்ளைட்டில் கையோடு எடுத்துப் போனார்.

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் யாரோ மேரியக்காவின் கதவில் கரியால் ஹிந்தியில் அஃபீம் என்று எழுதிவிட்டார்கள். அவர் அழித்தார். மறுநாள் மறுபடியும் எழுதியிருந்தது. அதன் பிறகு அவர் அழிக்கவில்லை. நான் சுற்றுவழியாக வேலைக்குப் போனேன்.

சென்னையிலிருந்து வந்த படம்

வெள்ளிக்கிழமை மதியம் என்.எம்.ஆர். படம் வந்தது. மேடம் அச்செடுத்து மேஜையில் விரித்தார். சாரும் நானும் நின்றோம்.

"இதப் பாருங்க. மார்ஃபின்னா நைட்ரஜன்ல ஒரு மீதைல் ஒட்டிட்டு இருக்கணும். அந்தக் கோடு இங்க இல்லவே இல்ல. அதுக்குப் பதிலா இங்க, அடியில ஆறுன்னு போட்டிருக்கிறதுக்குப் பக்கத்துல, ரெண்டு ஆக்சிஜனுக்கு நடுவுல மாட்டுன ஆளு நிக்கிறான். இவன் மார்ஃபின்ல இருக்கவே முடியாது." மேடம் பேனாவை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "கார்பன் பதினேழு, ஹைட்ரஜன் பத்தொன்பது, நைட்ரஜன் ஒண்ணு, ஆக்சிஜன் மூணு. மார்ஃபினுக்கும் அதே கணக்கு, இதுக்கும் அதே கணக்கு. அதனாலதான் எடை ஒண்ணாவே இருக்கு. ஆனா கோத்திருக்கிற விதம் வேற. இது பைப்பரின் சார். மிளகோட காரம்."

"காலி மிர்ச்?" என்றார் சார்.

"காலி மிர்ச்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மேடத்தின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

சனிக்கிழமை விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாக்கு மரங்களில் மிளகுக்கொடி இருக்கிறது. பிப்ரவரியில் பறித்துக் காயவைத்தோம். வீட்டு மிக்ஸி புகைந்து, ரிப்பேருக்குப் போயிருந்தது. லேபில் யாரும் இல்லாத சனிக்கிழமை மதியம் ஒரு கிலோ மிளகைக் கொண்டுவந்து சாம்பிள் மில்லில் அரைத்தேன். ஐந்து நிமிட வேலை. அது வெயில் காலம், குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். ஒரு மக் தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டுப் போனேன்.

சாருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அபின் இல்லேன்னா கேஸ் முடிஞ்சுது. மிளகு கலந்திருக்குன்னு எழுதி அனுப்பு."

"அவங்க கொடுத்த லிஸ்ட்ல மிளகு இல்லையே சார். அப்ப பொய்க் கையெழுத்துப் போட்டாங்கன்னு ஆயிடும். பொய் சொல்றவங்க கையில யார் குழந்தையைக் குடுப்பாங்க?"

"அபின்காரின்னு இருக்கிறதுக்குப் பொய்க்காரின்னு இருக்கிறது எவ்வளவோ மேல்."

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என்னை நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் சாரின் மேஜைக்கு வந்திருந்தது. பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம். நான் கழுவுகிற அறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிவைத்த பீக்கர்களை மறுபடி கழுவினேன்.

வாஷர்

ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மிளகு டப்பாவை எடுத்து வாசல் படியில் வைத்தாள்.

"இத வச்சு ரசம் வச்சா எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காது. நாளைக்குப் போயி சொல்லிருங்க."

"ஃபைலு..."

"ஃபைலுக்குப் பசிக்கவா போகுது? அது கிடக்கும்."

திங்கட்கிழமை காலை யாரும் வருமுன் மில்லைக் கழற்றினேன். பிளேடுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. அதை நெம்பி எடுத்தால், கீழே நகக்கண் அளவுக்குக் கறுப்புத் தூள். தண்ணீர் அங்கே போகவே இல்லை. வாஷரைத் தூளோடு ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கையால்தான் வந்தது.

"என்னண்ணே இது?"

"எங்க வீட்டு மிளகு மேடம். அந்தச் சனிக்கிழமை."

மேடம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மெத்தனால் ஊத்தலையா?"

"தண்ணில கழுவுனேன்."

"அந்தச் சரக்கு தண்ணில கரையாதுண்ணே." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அன்றைக்கே தூளைக் கரைத்து ஓட்டினார். பதினோராவது நிமிடம், 286. பிறகு லாக்கரிலிருந்த மறுபாதியை எடுத்து, புது உரலை மெத்தனாலில் மூன்று தடவை அலசி, தன் கையாலேயே இடித்து ஓட்டினார். பதினோராவது நிமிடத்தில் ஒன்றும் இல்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

சர்க்கார் மிஷினில் மசாலா அரைக்கிறாயா என்று ஹல்தார் சார் கத்தினார். "லேப் மே மசாலா பீஸ்தா ஹை தூ? சர்க்காரி மிஷின் மே?" தட்டைத் தள்ளினார். கதவைத் திறந்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் வராண்டாவுக்குப் போகுமுன் திரும்பவும் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"முனியசாமி, மிளகு உன்னோடது. ஃபோன் பண்ணினது நான்" என்று ஹிந்தியில் சொன்னார்.

அறிக்கையில் இரண்டு வரி எழுதினார்கள். சாம்பிளில் போதைச் சரக்கு எதுவும் இல்லை. மிளகு எங்கள் ஆய்வுக்கூடத்தின் மில்லிலிருந்து வந்தது. இரண்டாவது வரி வேண்டாம் என்று சார் ஒரு நாள் முழுக்கச் சொன்னார். மேடம் கேட்கவில்லை. கடைசியில் சாரே கையெழுத்துப் போட்டார். என் ஃபைல் ஒரு குறிப்போடு திரும்பிப் போயிற்று. அந்தக் குழந்தை அப்படித் தூங்கியதற்கு, அன்று காலையில் வீட்டிலேயே கொடுத்த சளி மருந்துதான் காரணம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

மேரியக்கா கேட்டது

அறிக்கையின் நகலோடு மேடமும் நானும் மேரியக்கா வீட்டுக்குப் போனோம். கதவில் கரி எழுத்து அப்படியே இருந்தது. மேடம் நடந்ததை விளக்கினார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு மொளவு?"

"ஒரு கிலோக்கா."

"ஒரு கிலோ மொளவுக்கு என்னையப் போட்டு இந்தப் பாடு படுத்திட்டியேடா."

நான் காலில் விழப் போனேன். "ஏய், எந்திரி. அதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். மேடம் நீட்டிய நகலை வாங்கி, பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். "இந்த இங்கிலீசுக் காயிதத்த நான் வீடு வீடாக் கொண்டு காட்டணுமாக்கும்? புள்ளையத் தூக்கிட்டுப் போனவளுவள ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் இங்க வரச் சொல்லுதேன். வந்து நீ சொல்லு. உன் வாயால சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி என்று கலந்து இருந்ததால் ஹிந்தியில்தான் சொல்ல வேண்டும். முற்றத்தில் நின்றேன். "காலி மிர்ச் மேரா தா", மிளகு என்னுடையது, என்று தொடங்கினேன். மில், தண்ணீர், வாஷர், எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

புகார் கொடுத்த தெலுங்குப் பெண்ணும் வந்திருந்தார். "அன்னைக்கு உங்க மிஷின் ஒண்ணு சொல்லுச்சு. இன்னைக்கு நீங்க வேற சொல்றீங்க. எதை நம்புறது?" என்று கேட்டார்.

"அன்னைக்கு எடையை மட்டும் கேட்டோம். எடை பொய் சொல்லல. நாங்கதான் அதுக்கு ஒரு பேரு வச்சிட்டோம்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் ஆறு குழந்தைகள் மேரியக்கா வீட்டுக்கு வந்தன. அதில் அந்தத் தெலுங்குப் பெண்ணின் குழந்தையும் ஒன்று. மீதி ஐந்து இன்றுவரை வரவில்லை. முதலில் சொன்ன பெயர் ஒரே சாயங்காலத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. சரியான பெயரை அந்த ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மில்லுக்கு மெத்தனால் ஊற்றுங்கள். வாஷரைக் கழற்றுங்கள். சாம்பிள் போடுமுன் வெறும் மில்லை அலசி, அந்த அலசலை முதலில் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டாவிட்டால் வாயைத் திறந்து கேளுங்கள். கழுவுகிற ஆள் கேட்கலாமா என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு ஆள் இருக்கிறார்.

17.8.2025, ஞாயிற்றுக்கிழமை.